கயிறா, கம்பியா, ரெக்கவரி வண்டியா? நின்றுபோன காரை இழுக்கும் வழிகள்

நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் உதவிக்கு வருகிறவர் முதலில் கேட்பது, "கயிறு இருக்கா சார்?" என்றுதான். அதற்கு முன்னால் நாம் யோசிக்க வேண்டியது இரண்டு. இன்ஜினின் விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது? இழுபடும் காரை நிறுத்தப்போவது யார்? இதற்கு விடை தெரிந்தால் எந்த வழி சரி என்பது பாதி முடிவான மாதிரி.

கயிறு கட்டி இழுப்பதுதான் மலிவு, ஆபத்தும் அதில்தான் அதிகம். இன்ஜின் ஓடாத காரில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவம் (காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம்) இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் பெடல் கல்லாக இறுகும். முழுப் பலத்தோடு அழுத்தினால்தான் கொஞ்சமாவது பிடிக்கும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும் என்பதால் இக்னிஷன் ஆனில் இருந்தே ஆக வேண்டும். முன்வண்டிக்காரர் சட்டென்று பிரேக் போட்டால் கயிறு தொய்யும், பின்கார் போய் இடிக்கும். தொப்பூர் கணவாய் மாதிரியான இறக்கத்தில் கயிறு கட்டி இழுக்க யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொய்ந்த கயிறு வெடுக்கென்று விறைக்கும்போது அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

வேறு வழியே இல்லையென்றால், கயிறு மாட்ட வேண்டிய இடம் டிக்கியில் ஜாக்கி, வீல் ஸ்பேனரோடு கிடக்கும் திருகுக் கொக்கி. பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து அதைக் கடைசிச் சுற்று வரை இறுக்கித் திருக வேண்டும். சில கார்களில் மரை இடப்பக்கமாகத் திரும்பும். பம்பரிலோ, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மிலோ கட்டவே கூடாது. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, பின்காரில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இழுபடும் வண்டி என்று பின்னால் பலகை மாட்ட வேண்டும் என்பது சட்டம். வேகம் மணிக்கு 25 கி.மீ. தாண்ட வேண்டாம்.

இரண்டு வண்டியையும் இணைக்கும் வளையாத இரும்புக் கம்பி (டோ பார்) கயிறைவிட ஒரு படி மேல். இடைவெளி மாறாது, முன்வண்டியின் பிரேக் பின்காரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆனால் இழுக்கும் வண்டி கனமானதாக இருக்க வேண்டும், ஸ்டியரிங் பிடிக்கப் பின்காரிலும் ஆள் வேண்டும்.

இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வண்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்விஃப்ட், ஐ20 போன்றவை முன்சக்கர விசை வண்டிகள். முன்பக்கத்தைத் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்தால் பிரச்சினை இல்லை. பொலேரோவுக்கும் இன்னோவா கிரிஸ்டாவுக்கும் விசை பின்சக்கரத்தில். அதே இன்னோவா பெயரில் வந்த ஹைகிராஸுக்கோ முன்சக்கரத்தில்! பெயரைப் பார்த்துத் தூக்கினால் தப்பாகிவிடும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் இன்னும் மோசம். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் இன்ஜினால் ஓடுவது. இன்ஜின் நின்றபின் விசைச் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமலே சுழலும். நியூட்ரலில் போட்டாலும் இதே கதைதான். சின்ன ரிப்பேருக்காக ஆரம்பித்த பயணம் கியர்பாக்ஸ் செலவில் முடியும்.

ஆகவே ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர விசை, எலக்ட்ரிக் கார் மூன்றுக்கும் என் தேர்வு, காரை முழுதாக முதுகில் ஏற்றிப் போகும் தட்டையான தள லாரியான ஃபிளாட்பெட் ஒன்றுதான். எலக்ட்ரிக் காரில் சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும். அந்தச் சூடும் மின்னழுத்தமும் உள்ளே இருப்பதைக் கெடுக்கலாம். வாடகை அதிகம்தான். பாலிசியோடு ரோடுசைடு அசிஸ்டன்ஸ் வாங்கியிருந்தால் முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033; வண்டியை ஆபத்தான இடத்திலிருந்து ஓரம் சேர்க்க உதவி கிடைக்கும்.

ஃபிளாட்பெட் வந்தபின்னும் பக்கத்தில் நின்று பாருங்கள். தாழ்வான காரென்றால் சாய்தளத்தில் பம்பர் உரசும், மரப்பலகை வைக்கச் சொல்லுங்கள். காரைக் கட்டும் பட்டையைச் சஸ்பென்ஷனில் மாட்டாமல் நான்கு டயர்மேலும் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். பேட்டரி இறங்கி எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் விடுபடவில்லையென்றால் வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டுத் தேய்த்து இழுக்க விடாதீர்கள். சக்கரத்துக்கு அடியில் உருளைத் தட்டு வைத்து ஏற்ற வேண்டும், அல்லது வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர் கொண்டுவந்து பிரேக்கை விடுவிக்க வேண்டும்.