டென்ட்டா, ஹேமக்கா, தார்ப்பாயா? மலைல ஒரு ராத்திரி தங்க எதை தூக்கிட்டு போறது

ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை பக்கம் சனிக்கிழமை நடந்துட்டு, ராத்திரி அங்கயே தங்கி, ஞாயித்துக்கிழமை இறங்கி வர்ற மாதிரி சின்ன ட்ரிப்புக்கு பை மொத்தமா ஏழெட்டு கிலோக்குள்ள இருந்தா தான் நடக்குறதே சந்தோஷமா இருக்கும். அதுக்கு மேல போச்சுன்னா ஏத்தத்துல தலையை தொங்கப்போட்டு தரைய பாத்துட்டே தான் நடப்போம், பக்கத்துல காப்பி பூத்திருக்கிறதோ மேல பறவை பறக்குறதோ எதுவும் கண்ணுல படாது. இந்த எடையில பெரிய பங்கு படுக்குற ஏற்பாட்டுக்கு தான் போகுது, அதனால டென்ட், ஹேமக் (ரெண்டு மரத்துக்கு நடுவுல தூளி மாதிரி கட்டி படுக்குற துணி), தார்ப்பாய்னு மூணையும் வெச்சு பாத்துடுவோம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம போய் தங்குறது சட்டப்படி குத்தம், 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீல அத்தனை பேர் உயிர் போனதுக்கு அப்புறம் இத பத்தி விளையாட்டா பேசவே கூடாது. நான் இங்க சொல்றது எல்லாம் எஸ்டேட், தோட்டம் மாதிரி சொந்த நிலத்துல ஓனர்கிட்ட கேட்டுட்டு தங்குறதுக்கும், காசு கட்டி தங்குற கேம்ப் இடங்களுக்கும் தான்.

டென்ட்ல இருந்து ஆரம்பிக்கலாம். ரெண்டு பேர் படுக்குற சாதாரண டோம் டென்ட் ரெண்டரை கிலோ பக்கம் வரும். தனியா போறவனுக்கு அது கனம் தான், ஆனா ரெண்டு பேர் போனா ஒருத்தர் மேல்துணியும் கம்பியும், இன்னொருத்தர் உள்கூடும் ஆணியும்னு பிரிச்சுட்டா ஆளுக்கு ஒண்ணேகால் கிலோ தான், இத பலபேர் கணக்குல எடுத்துக்கவே மாட்டாங்க. வட்டமா தட்டு மாதிரி மடிஞ்சு, வீசினா தானா விரியுற டென்ட் வாங்காதீங்க, அது கார்ல போறவங்களுக்கு, முதுகுல மாட்டி நடந்தா போற வழியெல்லாம் செடி கொடில இடிச்சுட்டே வரும். வாங்குனா ரெண்டு அடுக்கு உள்ளது தான் வாங்கணும். நம்ம மூச்சுல இருந்து போற ஈரம் ராத்திரி முழுக்க மேல்துணியோட உள்பக்கம் குளிர்ந்து தண்ணியா நிக்கும், ஒரே அடுக்கா இருந்தா அது அப்படியே நம்ம மேல சொட்டும், விடிகாலைல நனைஞ்ச ஸ்லீப்பிங் பேக்கோட எழுந்திரிச்சு மழை ஒழுகுதுன்னு டென்ட்ட திட்டுவோம். ரெண்டு அடுக்குனா அந்த தண்ணி வெளி அடுக்குலயே வழிஞ்சு போயிடும், ஆனா ரெண்டும் ஒட்டிக்காம நடுவுல ஒரு கை இடைவெளி இருக்கற மாதிரி இழுத்து கட்டணும், குளிருதேன்னு காத்து வர்ற வழியையும் மூடக்கூடாது.

டோம் டென்ட்டுக்கு இன்னொரு பலம், பாறை மேலயும் நிக்கும். ஆணி இறங்கலன்னா நாலு மூலைலயும் கயிற கல்லுல கட்டிடலாம். மைனஸ்னு பாத்தா சமதரை வேணும், மலைல சமமா இருக்கற இடம் பாதி நேரம் தண்ணி தேங்குற இடமாவும் இருக்கும்.

ஹேமக் தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, அதனால கொஞ்சம் அதிகமாவே பேசுவேன். துணி அரை கிலோ, மரத்துல சுத்தி கட்டுற நாடா மாதிரி பட்டை, கொசுவலை, மேல கட்ட ஒரு ஷீட் எல்லாம் சேத்தா ஒண்ணே முக்கால் கிலோ ஆகும். சரிவு, சேறு, கல்லு எது இருந்தாலும் கவலை இல்ல, அட்டை சீசன்லயும் தரையில படுக்குறத விட எவ்வளவோ நிம்மதி. இறுக்கி கட்டக்கூடாது, பட்டை ரெண்டு பக்கமும் முப்பது டிகிரி சரிவுல இறங்கணும், தொய்வா விட்டு குறுக்கால கோணலா படுத்தா முதுகு கிட்டத்தட்ட நேரா வந்துடும். ஹேமக்ல முதுகு வலிக்குதுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் துணிய விறைப்பா கட்டி நேரா படுத்தவங்க தான்.

ஆனா மரம் கிடைக்கணுமே. ஏற்காடு காப்பி எஸ்டேட்ல சில்வர் ஓக் நிறைய நிக்குது, பாத்தா இதுக்குனே நட்ட மாதிரி இருக்கும், கிட்ட போனா மரத்துக்கு மரம் மிளகு கொடி ஏறியிருக்கும். கொடி மேல பட்டைய கட்டி நம்ம எடைய போட்டா கணு நசுங்கிடும், அது ஒரு விவசாயியோட வருமானம், எவ்வளவு அழகான இடமா இருந்தாலும் அங்க கட்டவே கூடாது. கொடி இல்லாத, காஞ்ச கிளை மேல தொங்காத, நாலு அஞ்சு மீட்டர் இடைவெளில ரெண்டு மரம்னு தேடணும், வெளிச்சம் இருக்கும்போதே. கயிறு கட்டுனா மரப்பட்டை அறுபடும், ஒரு இஞ்சாவது அகலமான பட்டை தான் போடணும். மழை வந்தா தண்ணி மரத்துல இருந்து அந்த பட்டை வழியா ஓடி நேரா படுக்கைக்கு வரும், ஹேமக்குக்கு ஒரு சாண் முன்னாடி பட்டைல ஒரு துண்டு நூலை முடிஞ்சு தொங்கவிட்டா தண்ணி அங்கயே கீழ சொட்டிடும்.

அப்புறம் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறுனா சுமாரா ஆறரை டிகிரி குறையும், ஜனவரி ராத்திரி சேலத்துல 20னா, அத விட சுமாரா 1,200 மீட்டர் மேல இருக்கற ஏற்காட்டுல 12, 13னு வெச்சுக்கலாம். கேக்க பெருசா தெரியாது. ஹேமக்ல அடியில காத்து ஓடும், ஸ்லீப்பிங் பேக்கோட பஞ்சு நம்ம எடைல அமுங்கி சூட்ட பிடிச்சு வெக்காது, ரெண்டு மணிக்கு முதுகு ஜில்லுன்னு எழுப்பி விட்டுடும். உள்ள ஒரு ஃபோம் மேட் போட்டுக்கணும், அது இன்னொரு முன்னூறு நானூறு கிராம். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ஹேமக் எடுத்துட்டு போகாதீங்க, அங்க டென்ட் தான்.

தார்ப்பாய் தான் இருக்கறதுலயே மலிவு. கடைல ஜிஎஸ்எம் கணக்குல குடுப்பாங்க, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தன கிராம்னு. மூணுக்கு மூணு மீட்டர்ல 120 ஜிஎஸ்எம் எடுத்தா ஒரு கிலோவ லேசா தாண்டும், சில்நைலான் (சிலிகான் பூசுன மெல்லிசு நைலான்) ஷீட்டா இருந்தா அதுல பாதி தான், விலை மட்டும் பல மடங்கு. வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு, குச்சி ரெண்டு நட்டு மேல ஷீட் கட்டி கீழ விரிப்பு போட்டு படுத்தா போதும், எடையே இல்லன்னு நம்ம பசங்க கிளம்புறாங்க. அவங்க ஊர் தரை வேற, நம்ம ஊர் தரை வேற. கட்டுவிரியன் ராத்திரில தான் நடமாடும், தரையில தூங்குறவங்கள தான் பெரும்பாலும் கடிக்கும், நிறைய பேருக்கு கடிச்ச வலியே தெரியாது, தடம் கூட சரியா இருக்காது, வயித்து வலி, கண் இமை தொங்குறதுன்னு ஆரம்பிக்கும்போது தான் தெரியும், அப்ப ஆஸ்பத்திரி பல வளைவு கீழ இருக்கும். அதனால தார்ப்பாய் மட்டும் போதும்னு யார் சொன்னாலும் எனக்கு உடன்பாடு இல்ல. அடிவிரிப்போட சேத்து தச்ச வலைக்கூடு ஒண்ணு உள்ள போட்டு ஜிப்ப மூடி படுத்தா சரி, அது அரை கிலோ கூடுதல், அதையும் சேத்தும் இதான் தனி ஆளுக்கு எடை குறைஞ்ச வழி.

ஆக ரெண்டு பேரா, புதுசா ஆரம்பிக்கிறீங்களா, டென்ட் வாங்குங்க, யோசிக்கவே வேணாம். தனியா, நடுத்தர உயர மலை, மரம் இருக்கற எஸ்டேட்னா ஹேமக். தார்ப்பாய் ரெண்டையும் பழகுனவங்களுக்கு, அதுவும் வலைக்கூட்டோட.

எடை குறைக்கணும்னா வலைல கை வெக்காதீங்க, அடுப்புல கை வைங்க. ஒரு ராத்திரிக்கு ஸ்டவ், கேஸ், பாத்திரம்னு ஒரு கிலோ எதுக்கு, கேஸ் கேனிஸ்டர ரயில்ல எடுத்துட்டு போகவும் கூடாது. நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி கிளறுன புளிசாதம் ராத்திரிக்கும் ஆகும், மறுநாள் காலைக்கும் தாங்கும், டீ குடிக்கணும்னா பக்கத்து ஊர்ல காலைல ஆறு மணிக்கெல்லாம் கடை திறந்துடுவாங்க.