இன்றைக்கு ஒன்றா, நாளைக்கு ஐந்தா?

மத்திய ஆப்பிரிக்க நாடான கொங்கோ-பிராசவில்லின் வடக்குக் காடுகளில் வேட்டையாடி வாழும் பயாக்கா மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி: சமையலுக்குச் சுவை கூட்டும் சிறு கட்டியான சூப் க்யூப் ஒன்று இப்போதே வேண்டுமா, நாளைக்கு ஐந்து வாங்கிக்கொள்கிறீர்களா? சலாலியும் மிலியானோவும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. காட்டு முகாம்களில் இருந்தவர்களைவிட, நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களே நாளை வரை பொறுக்க அதிகம் சம்மதித்தார்கள்.

ஒரு சமூகம் சேமிப்பதையும் பகிர்வதையும் புரிந்துகொள்ள இப்படிச் சோதனை வைப்பதா, இனவரைவியல் வழியில் கூடவே தங்கிப் பழகுவதா? சோதனையில் ஒரு வசதி. கேள்வி எல்லோருக்கும் ஒன்றே, ஆகவே முகாமையும் நகரத்தையும் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் 'இவர்களுக்குப் பொறுமை கிடையாது, சேமிக்கத் தெரியாது' என்று எழுதிவிட்டுப் போக அந்த எண்ணிக்கையே போதுமாகிவிடுகிறது. அதுதான் எனக்கு உறுத்தல்.

கூடவே தங்கிப் பழகும் இனவரைவியலாளருக்குக் காரணம் கண்ணில் படும். பயாக்கா முகாமில் யார் கையில் எது இருந்தாலும் மற்றவர் கேட்கலாம், கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். நாளைக்கு ஐந்து க்யூப் வந்தாலும் அதில் வாங்கியவர் சட்டியில் எத்தனை கரையும்? தான்சானியாவின் ஹட்சா மக்களிடமும் இதே வழக்கம் உண்டு. உழைப்பின் பலனை உடனுக்குடன் பகிர்ந்து தீர்க்கும் இந்த மாதிரிச் சமூகங்களைப் பற்றி மானிடவியலாளர் ஜேம்ஸ் உட்பர்ன் 1982லேயே எழுதிவிட்டார். சரி, இந்த வழியின் குறை? மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும். பார்ப்பதும் பெரும்பாலும் ஒரே ஒருவரின் கண்.

இரண்டையும் சேர்த்தவர்களில் மானிடவியலாளர் ஜீன் என்ஸ்மிங்கரைச் சொல்ல வேண்டும். கென்யாவின் ஓர்மா மக்களோடு பல வருடம் பழகியவர். ஆளுக்கொரு தொகை பொதுப்பானையில் போட, அதை இரட்டிப்பாக்கிச் சமமாகப் பிரிக்கும் ஒரு விளையாட்டை அவர்களிடம் நடத்தினார். அவர்கள் உடனே, 'அட, இது ஹராம்பே!' என்றார்கள். பள்ளிக்கூடம் மாதிரியான பொதுக்காரியத்துக்கு ஊரே பணம் போடும் வழக்கத்துக்கு அங்கே அதுதான் பெயர். வசதியுள்ளவர் கூடக் கொடுக்க வேண்டும் என்பது அதன் முறை. விளையாட்டிலும் வசதியுள்ளவர்களே கூடப் போட்டார்கள். ஹராம்பே தெரியாதவருக்கு அது வெறும் 'தாராள குணம்'.

ஆராய்ச்சிக்கு இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் என் ஓட்டு இனவரைவியலுக்கு. இரண்டுக்கும் இருந்தால் முதலில் பழக்கம், அப்புறம் சோதனை. தலைகீழாகச் செய்து, கடைசியில் இரண்டு நாள் தங்கலைக் கறிவேப்பிலை மாதிரி தூவுவதில் பயனில்லை. பழகியவருக்குத்தான் அடுத்த கேள்வி தோன்றும்: அதே ஐந்து க்யூபை முகாமே பார்க்க ஒரு முறை, யாருக்கும் தெரியாமல் ஒரு முறை கொடுப்பதாகச் சொன்னால்? மறைவில் காத்திருப்பவர்கள் கூடினால், தடை பொறுமையில் இல்லை, பக்கத்துக் குடிசையில் இருக்கிறது.