மணல் கடிகாரமா, ரயில் பாதையா: டிஎஸ்ஸில் இரண்டு செல்டா

இரட்டைத் திரை கொண்ட கையடக்க கேம் கருவியான நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கென்றே உருவான முழுநீள செல்டா சாகச கேம்கள் இரண்டு: 2007இல் ஃபாண்டம் ஹவர்கிளாஸ் (ஹவர்கிளாஸ் என்றால் மணல் கடிகாரம்), 2009இல் ஸ்பிரிட் டிராக்ஸ். இரண்டையும் இயக்கியவர் டைகி இவமோட்டோ. நடப்பது, வாள் வீசுவது, பூமராங் போகும் வழியைக் கோடு போட்டுக் காட்டுவது என இரண்டிலும் பெரும்பாலும் எல்லாமே ஸ்டைலஸ் என்ற தொடுபேனாவில்தான். பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான். ஆனால் புதிர்களில் இறங்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஹவர்கிளாஸில் ஒரு புதிர் இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மேல் திரையில் இருக்கும் முத்திரையைக் கீழ்த்திரையின் கடல் வரைபடத்தில் பதிக்க வேண்டும். தட்டினாலும் ஊதினாலும் ஒன்றும் நடக்காது. வழி ரொம்பச் சுலபம்: டிஎஸ்ஸையே புத்தகம் போல மூடித் திறக்க வேண்டும்! கையில் இருக்கும் கருவியே புதிரின் ஒரு பாகமாகிவிடும் இந்த மாதிரித் தருணம் ஸ்பிரிட் டிராக்ஸில் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, குறை எங்கே? கடலரசன் கோயிலில். கதை முழுக்க அங்கேதான் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பாதுகாப்பு வட்டத்தை விட்டு வெளியே வந்தால் கடிகாரத்தில் மணல் இறங்கும். மணல் தீர்ந்தால் உயிர் கரையும். போதாக்குறைக்கு வெட்டினாலும் சாகாத, இரும்புக் கவசம் பூண்ட ஃபாண்டம் காவலர்கள். வரைபடத்தில் நாமே குறிப்பெழுதி, புதுப்புது ஆயுதங்களால் குறுக்குவழி கண்டுபிடிப்பது சுகம்தான். ஆனாலும் அவிழ்த்த புதிரையே மறுபடி அவிழ்க்கும்போது அலுப்பு வரத்தான் செய்கிறது.

ஸ்பிரிட் டிராக்ஸ் இதைத்தான் சரிசெய்தது. இங்கும் நடுவில் ஒரு கோபுரம் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய மாடிகள், மணல் கணக்கும் கிடையாது. மூன்று ஒளித்துளிகளைச் சேர்த்து, ஃபாண்டமின் முதுகில் வெட்டினால், ஆவியாக இருக்கும் இளவரசி செல்டா அந்தக் கவசத்துக்குள் புகுந்துகொள்கிறாள். அப்புறம் அவள் போக வேண்டிய வழியை நாம் வரைந்து காட்டலாம். கொதிக்கும் எரிமலைக் குழம்பில் அவள் நடக்க, தலைக்கு மேல் அவள் பிடித்த கேடயத்தில் நாம் நிற்கலாம். அவ்வளவு பெரிய இரும்புக் கவசத்தில் இருந்தும் எலியைக் கண்டால் பயந்து நிற்பாள். அந்த எலியை யார், எப்படி விரட்டுவது என்பதும் புதிர்தான். இளவரசியை மீட்கும் கதைகளுக்கு நடுவில் அவளும் நாமும் சேர்ந்து யோசிப்பது போன்ற இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

பயணத்தில் மட்டும் ஹவர்கிளாஸின் கடல்தான் ஜெயிக்கிறது. ஸ்பிரிட் டிராக்ஸில் ரயிலில்தான் பயணம்; பாதையை விட்டு விலக முடியாது, வேகமும் குறைவு. மைக்கில் ஊதி வாசிக்கும் குழலும் பொறுமையைச் சோதிக்கும். சுற்றிலும் சத்தம் இருந்தால் வாசிப்பது இன்னும் சிரமம்.

புதிருக்காக ஒன்றே ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் ஸ்பிரிட் டிராக்ஸ். இரண்டையும் ஆட நேரமிருந்தால், அவசியம் ஹவர்கிளாஸில் தொடங்குங்கள். டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ் கருவியிலும் இரண்டு கார்ட்ரிட்ஜும் ஓடும். கோயில் மூலைகளில் ஃபாண்டமுக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்தவர்களுக்குத்தான், அதே கவசம் செல்டாவின் குரலில் பேசிப் பக்கத்தில் நடந்துவரும்போது மனசு துள்ளும்.