ஓரியண்டேஷனுக்கு பஸ் ஏறும் முன் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள்: புது டிரக் டிரைவர்களுக்கு எச்சரிக்கை

அமெரிக்காவில் சிடிஎல் (கனரக வண்டி ஓட்டும் உரிமம்) கைக்கு வந்த வாரமே போன் அடிக்கத் தொடங்கிவிடும். நாலைந்து கம்பெனிகளிலிருந்து ஆள் எடுப்பவர்கள் பேசுவார்கள். எல்லாரும் முதலில் சொல்வது மைலுக்கு எத்தனை சென்ட் என்பதைத்தான். புது டிரைவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த ஒரு எண்ணை நம்பித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மைலுக்கு 60 சென்ட் என்று சொல்லிவிட்டு வாரம் 1,600 மைல்தான் கொடுத்தால் 960 டாலர். 52 சென்ட் கம்பெனி 2,000 மைல் கொடுத்தால் 1,040. அதனால் கேட்க வேண்டியது ரேட் மட்டும் இல்லை. "இதே டிவிஷனில் சேர்ந்து ஆறு மாதமான டிரைவருடைய கடைசி நாலு வாரச் சம்பளச் சீட்டைப் பெயரை மறைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல கம்பெனி காட்டும், இல்லையென்றால் அந்த டிரைவரோடு பேசவாவது விடும். "வாரம் 3,000 மைல் வரைக்கும் ஓட்டலாம்" என்று வாயால் மட்டும் சொன்னால், அந்த "வரைக்கும்" எதற்கும் உத்தரவாதம் இல்லை.

மைலை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஓடோமீட்டர்படியா, வழித்தடக் கணக்குப்படியா, ஊருக்கு ஊர் பழைய அட்டவணைப்படியா? அட்டவணைக் கணக்கில், நீங்கள் ஓட்டிய மைலில் ஒரு பங்கு சீட்டில் வராமலே போய்விடும்.

அடுத்தது காத்திருப்பு. பத்து மணி நேர ஓய்வு முடிந்து வேலை தொடங்கியதும் 14 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் 11 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம். கிடங்கு வாசலில் ஐந்து மணி நேரம் நின்றாலும், சாதாரணமாக அந்தக் கடிகாரம் நிற்காது. மைல் சம்பளக்காரருக்கு அந்த நாளே போச்சு. காத்திருப்புக் காசு எத்தனையாவது மணியிலிருந்து, மணிக்கு எவ்வளவு, சரக்குக்காரர் கம்பெனிக்குக் கொடுக்காவிட்டாலும் உங்களுக்கு வருமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். மூன்றாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பெரிய ஏமாற்று ஓரியண்டேஷனில்தான், அதாவது வேலையில் சேரும்போது கம்பெனி நடத்தும் அறிமுக வகுப்பில்தான் நடக்கும். பஸ் டிக்கெட், மோட்டல் எல்லாம் கம்பெனி செலவு. பழைய வேலையை விட்டுவிட்டு வந்தாயிற்று, ஊரோ 800 மைல் தள்ளி. இரண்டாம் நாள் வந்து, "கம்பெனி டிரைவர் இடம் நிரம்பிவிட்டது, ஆனால் லீஸுக்கு டிரக் இருக்கிறது, நீங்களே முதலாளி" என்பார்கள். லீஸ் என்றால் டிரக்குக்கான தவணையும் ஓட்டும் செலவும் உங்கள் தலையில். கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரச் சீட்டை வரி வரியாக எழுதிப் பாருங்கள். மைலுக்கு 1.60 டாலர், 2,500 மைல் என்றால் வரவு 4,000. கேலனுக்கு 6.5 மைல், கேலன் 4 டாலர் என்றால் டீசல் சுமார் 1,540. டிரக் தவணை 1,000. பராமரிப்பு எஸ்க்ரோ (பழுதுச் செலவுக்கென்று கம்பெனி பிடித்து வைக்கும் பணம்) மைலுக்கு 15 சென்ட், 375. இன்சூரன்ஸ் 200. மிச்சம் 885, அதுவும் வரிக்கு முன். இதே கணக்கில் மைல் 1,200 ஆகக் குறையட்டும். வரவு 1,920, டீசல் 740, எஸ்க்ரோ 180. தவணையும் இன்சூரன்ஸும் ஒரு டாலர்கூடக் குறையாது. மிச்சம் மைனஸ் 200. வாரம் முழுக்க ஓட்டிவிட்டுக் கம்பெனிக்கே கடன்பட்டு நிற்பீர்கள். மைலைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே கம்பெனியின் டிஸ்பாட்சர், அதாவது லோடு ஒதுக்குபவர் கையில் இருக்கிறது.

இது மிகைப்படுத்தல் இல்லை. 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு டிரைவரின் வழக்கில், பிடித்தமெல்லாம் போகச் சில வாரங்களில் அவர் சம்பளம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதாகப் புகார் பதிவாகியிருக்கிறது. லீஸ் திட்டங்களை ஆராய்ந்த மத்திய அரசுக் குழு, 2025 ஜனவரியில் தவணை கட்டி டிரக்கைச் சொந்தமாக்கலாம் என்னும் இந்த லீஸ்-பர்ச்சேஸ் முறையையே தடை செய்யப் பரிந்துரைத்தது. முதல் வருடத்தில் லீஸ் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: லீஸ் முடிந்த 45 நாளுக்குள் எஸ்க்ரோ மிச்சத்தைக் கணக்கோடு திருப்பித் தர வேண்டும் என்பது மத்திய விதி.

கம்பெனி வண்டி, கம்பெனி லோடு, கம்பெனி சொல்லும் நேரம், ஆனால் சம்பளம் மட்டும் 1099 (ஊழியராக இல்லாமல் தனி ஒப்பந்தக்காரராகக் காட்டும் வரிப் படிவம்) என்றால் ஒதுங்கிவிடுங்கள். 15.3 சதவீதச் சுயதொழில் வரி உங்கள் தலையில். விபத்து நடந்தால் தொழிலாளர் இழப்பீடும் பெரும்பாலும் இருக்காது. ஊழியருக்கான டபிள்யூ-2 படிவச் சம்பளம் சில சென்ட் குறைவாகத் தெரிந்தாலும் கையில் நிற்பது அதுதான்.

"இலவச" டிரைவிங் பயிற்சி தரும் கம்பெனி என்றால், பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவது பற்றி ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். ஒரு வருடம் வேலை செய்ய ஒப்புக்கொண்டு பத்தாவது மாதம் விலகினால் மீதி இரண்டு மாதத்துக்கான பங்கா, முழுப் பணமுமா? அவர்களே வேலையை விட்டு எடுத்தாலும் கட்ட வேண்டுமா? சேரும் போனஸும் அப்படித்தான், தவணை தவணையாகத்தான் வரும்.

ஆள் எடுப்பவரிடம் பேசி போனை வைத்ததும், கம்பெனியின் யுஎஸ்டாட் எண்ணை (போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) அரசின் சேஃபர் தளத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனை டிரக், 24 மாத விபத்துகள், சோதனையில் எத்தனை சதவீத வண்டிகளை ஓட்டக்கூடாது என்று நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். பக்கத்திலேயே தேசிய சராசரியும் இருக்கும். அதைவிட நிறுத்தப்பட்ட வண்டிகளின் சதவீதம் நன்றாக ஏறியிருந்தால் பிரேக்கும் டயரும் சரியாகக் கவனிக்கப்படாமல் இருக்கலாம். அந்த வண்டியில் உட்காரப்போவது நீங்கள்.

நேரம் முடிந்த பிறகும் ஓட்டச் சொல்லி, மறுத்தால் லோடு தரமாட்டேன் என்று மிரட்டுவது சட்ட விரோதம். நடந்த 90 நாளுக்குள், டிரக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவிடம் புகார் செய்யலாம். டிஸ்பாட்சரின் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் போனில் சொன்னால், "நீங்கள் சொன்னது இதுதானே" என்று நீங்களே மெசேஜில் திருப்பிக் கேளுங்கள்.

விலகும் நாளில் கோபத்தில் டிரக்கை ஏதாவது டிரக் ஸ்டாப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வண்டியைக் கைவிட்டார் என்று டாக் அறிக்கையில் (கம்பெனிகள் பார்க்கும் டிரைவரின் வேலை வரலாறு) ஏறிவிட்டால் அடுத்த கம்பெனிகள் எடுக்கத் தயங்கும். கம்பெனி டெர்மினலில் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளும் புறமும் படம் எடுத்து, சாவியை ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு டாக் அறிக்கையை வரவழைத்துப் பாருங்கள். தவறான வரி இருந்தால் அந்தப் படங்களோடு ஆட்சேபம் அனுப்புங்கள்.