சீ, லுக், வாட்ச்: 'பார்' என்பதற்கு எதைப் போடுவது?

நிலாவைப் பார்க்கிறோம், மேட்ச் பார்க்கிறோம், தொலைந்த சாவியைத் தேடிப் பார்க்கிறோம். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'பார்' போதும். ஆங்கிலத்தில் சீ, லுக், வாட்ச் என்று மூன்று வினைகள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த இடத்தில் எது என்பதில்தான் குழப்பம்.

'சீ'க்கு முயற்சி தேவையில்லை. கண் திறந்திருந்தால் போதும், எதிரில் இருப்பது தானாகக் கண்ணில் படும். 'லுக்' அப்படியல்ல, நாமாகப் பார்வையைத் திருப்ப வேண்டும். 'ஐ லுக்ட், பட் ஐ டிடின்ட் சீ எனிதிங்' என்ற வாக்கியத்தில் இரண்டும் பிரிந்துவிடும்: தேடிப் பார்த்தேன், ஆனால் எதுவும் கண்ணில் படவில்லை.

தானாக நடப்பது என்பதால் 'சீ'யோடு பொதுவாக 'இங்' ஒட்டாது. மரத்தில் பறவை தெரிகிறது என்பதற்கு 'ஐ ஆம் சீயிங் எ பேர்ட்' என்று சொல்ல மாட்டார்கள், 'ஐ கேன் சீ எ பேர்ட்' என்பார்கள். 'ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ' மட்டும் சரி, ஏனென்றால் அங்கே 'சீ' என்பது சந்திப்பு. 'ஐ ஆம் சீயிங் சம்ஒன்' என்றால் காதல் விவகாரம், அதனால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

'வாட்ச்' என்றால் நகர்கிற, மாறுகிற ஒன்றை அடுத்து என்ன ஆகும் என்று தொடர்ந்து கவனிப்பது. 'வேக்' என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் விழித்திருப்பதைக் குறித்தது. இரவுக் காவலர் வாட்ச்மேன் ஆனதும் அப்படித்தான். டிவிக்கு எப்போதும் 'வாட்ச் டிவி'தான். ஆனால் குறிப்பிட்ட ஒன்றை டிவியில் பார்த்ததைச் சொல்லும்போது 'ஐ சா இட் ஆன் டிவி' என்பதும் சரியே. சினிமாவுக்கு இரண்டும் வரும். தியேட்டரில் என்றால் பெரும்பாலும் 'சீ', வீட்டில் உட்கார்ந்து என்றால் 'வாட்ச்'.

மூன்றில் அதிகம் படுத்துவது 'லுக்' என்பேன். தனியாக நிற்கும்போது அது சாது. பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டினால் ஆளே மாறிவிடும். படத்தைப் பார் என்பதற்கு 'லுக் தி பிக்சர்' தவறு, நடுவே 'அட்' வேண்டும். 'ஃபார்' வந்தால் தேடுவது, 'ஆஃப்டர்' வந்தால் பராமரிப்பது, 'இன்டு' வந்தால் விசாரிப்பது, 'டவுன் ஆன்' வந்தால் இளக்காரம். அலுவலக மெயில்களில் அடிக்கடி கண்ணில் படுவது 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'. அது 'மீட்டிங் யூ' என்று இருக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று 'யூ லுக் டயர்ட்' வேறு. பார்ப்பவர் நான், வாக்கியத்தின் எழுவாயோ நீங்கள்! தமிழில் இந்த இடத்துக்கு 'பார்' வராது, 'சோர்வாகத் தெரிகிறீர்கள்' என்போம்.

இன்னொரு நுணுக்கம் 'சீ', 'வாட்ச்' இரண்டுக்கும் பொது. 'ஐ சா ஹிம் கிராஸ் தி ரோடு' என்றால் அவர் சாலையைக் கடந்து முடித்ததுவரை பார்த்தேன் என்று பொருள். 'கிராஸிங்' என்றால் கடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். மறுபக்கம் போய்ச் சேர்ந்தாரா என்பதற்கு அதில் பதில் இல்லை. சாட்சி சொல்லும்போது இது பெரிய வித்தியாசம்.

சரி, தமிழிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. 'பார்த்துப் போ' என்பதை 'சீ அண்ட் கோ' ஆக்கினால் யாருக்கும் புரியாது; 'வாட்ச் யுவர் ஸ்டெப்' என்பதே வழக்கு. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றால் 'லுக் ஆஃப்டர்', கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றால் 'வாட்ச்' கூட வரும். 'அப்புறம் பார்க்கலாம்' மட்டும் அழகாக 'சீ யூ லேட்டர்' ஆகிவிடுகிறது. 'சாப்பிட்டுப் பார்', 'போட்டுப் பார்' ஆகியவற்றுக்கு மூன்றுமே உதவாது. அங்கே 'ட்ரை இட்', 'ட்ரை இட் ஆன்' என்று வேறு வினைக்குத்தான் போக வேண்டும்.