கல்லோயாவில் வள்ளச் சவாரி: பறவைத் தீவில் இறக்க மாட்டார்கள், நல்லது

கல்லோயாப் பூங்காவில் உள்ள சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துக்குப் போனால் யானை நீந்துவதைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் எல்லாரும் அனுப்புகிறார்கள். யானை உண்டு. நாங்கள் போன காலையிலும் ஒரு தாய் யானை குட்டியோடு ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்கு நீந்திப் போனது. ஆனால் நான் நட்சத்திரம் போடுவது அதற்காக இல்லை. பறவைத் தீவுக்குக் கிட்டப் போனதும் என்ஜினை நிறுத்திவிட்டு, எவ்வளவு கேட்டும் கரை ஒதுக்க மறுத்த வள்ளக்காரத் தம்பிக்காக.

முதலில் வசதிகள். அம்பாறையிலிருந்து இங்கினியாகலைக்குப் பாதை நல்லது. பூங்கா ரிக்கெற் வேறு, வள்ளக் காசு வேறு, அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் சேர்ந்து போனால் பாரம் தெரியாது. எங்களுக்குக் கிடைத்தது ஃபைபர் வள்ளம். மேலே கூடாரம் இல்லை, இருக்கை வெறும் பலகை. லைஃப் ஜாக்கெட் கேட்காமலே தந்தார்கள், ஆனால் எனக்கு வந்ததில் சிப் வேலை செய்யவில்லை. இடுப்பு நோவு உள்ளவர்கள் ஒரு தலையணை கொண்டுபோவது புத்தி. அரை நட்சத்திரம் இங்கே வெட்டு.

இனிப் பறவைத் தீவு. இந்தத் தீவுகள் எல்லாம் ஒரு காலத்தில் மலை உச்சிகள். கல்லோயா ஆற்றை மறித்து அணை கட்டியதும் தாழ்ந்த நிலம் தண்ணீருக்குள் போய், உச்சிகள் மட்டும் மிஞ்சின. நரியும் கீரியும் எளிதில் வர முடியாத இடம் என்பதால் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூடு கட்டியிருக்கின்றன. எச்சம் பட்டுப் பட்டு மரங்கள் வெள்ளையடித்தது போல நிற்கின்றன, நாற்றமும் வயிற்றைப் பிரட்டும். ஒரு கூட்டில் நீர்க்காகக் குஞ்சொன்று தாயின் வாய்க்குள் கழுத்து வரைக்கும் தலையை விட்டு மீனை இழுத்துத் தின்றது. விழுங்கிவிட்டதோ என்று பேரன் பயந்துபோனான். பக்கத்துக் கூட்டில் இன்னொரு தாய், சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த வெயிலில் அது பத்து நிமிடம் எழும்பிப் போனாலே குஞ்சுக்கு ஆபத்துத்தான்.

என் மருமகனுக்கு அங்கே இறங்கிப் படம் எடுக்க வேண்டும். “காசு குடுத்துத்தானே வந்திருக்கிறம் மாமி, ஏன் இறக்க மாட்டானாம்?” என்று என்னிடம் முறையிட்டார். தம்பி சிங்களம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னான்: “ஏறினா எல்லாம் பறக்கும் ரீச்சர். பிறகு காகம் வந்து முட்டை எடுக்கும்.” மேலே கொஞ்சம் காசு தருகிறேன் என்றும் மருமகன் கேட்டுப் பார்த்தார். அவன் சிரித்துவிட்டு வள்ளத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தான்.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? திரும்பும் வழியெல்லாம் மருமகனுக்கு வகுப்பு நடந்தது. 1500ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகில் அழிந்த பறவை இனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது தீவுப் பறவைகள். பெரும்பாலும் மனிதன் சுட்டுத் தின்று முடித்ததால் இல்லை, அவன் கரை இறங்கும்போது கூடவே இறங்கியவற்றால். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், அதே ஆண்டில்தான் மொறீசியசிலும் குடியேறினார்கள். அங்கேயிருந்த பறக்க முடியாத டோடோப் பறவையை நம்பத்தகுந்த விதத்தில் கடைசியாகக் கண்டது 1662இல். எலி, பன்றி, குரங்கு எல்லாம் சேர்ந்து தரையில் கிடந்த முட்டைகளைத் தீர்த்துவிட்டன. நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவில் 1894இல் வெளிச்சவீடு வந்தது, அதோடு பூனையும் வந்தது. சரியாகப் பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இனம் சில வருடங்களில் இல்லாமல் போனது. பசிபிக் சமுத்திரத்துக் குவாம் தீவில் பாம்பு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் சரக்கோடு வந்திறங்கி, அங்கேயிருந்த 12 காட்டுப் பறவை இனங்களில் 10ஐத் துடைத்தெடுத்தது.

“அப்ப ஒண்டையும் காப்பாத்த ஏலாதா அம்மம்மா?” என்றான் பேரன். ஏலும். நியூசிலாந்தைச் சேர்ந்த சத்தாம் தீவுகளின் கருப்பு ராபின் என்ற குருவி 1980இல் உலகத்திலேயே ஐந்துதான். அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கக்கூடிய பெட்டை ஒன்றே ஒன்று. அதன் முட்டைகளை வேறு இனக் குருவிகளின் கூட்டில் வைத்து அடைகாக்கவிட்டார்கள், அது திரும்பவும் முட்டையிட்டது. இன்றிருக்கும் இருநூறுக்கும் மேற்பட்டவை அந்த ஒன்றின் வழி வந்தவை.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: பறவைத் தீவில் நாங்கள் கண்ட நீர்க்காகமும் கொக்கும் இந்தியாவிலும் தாராளமாக உண்டு. இலங்கைக்கே உரிய பறவைகள் முப்பதுக்கும் மேல், அவற்றில் சில இந்தக் கரைக் காட்டில்தான் திரிகின்றன. செம்முகப் பூங்குயில் கல்லோயாவில் உண்டு, எங்களுக்குக் கிடைக்கவில்லை. காட்டுக்கோழி கிடைத்தது. “வீட்டுச் சேவல்தானே” என்றார் மருமகன். பைனாகுலரைக் கையில் கொடுத்துக் கொண்டையைப் பார்க்கச் சொன்னேன்: சிவப்புக் கொண்டை, நடுவில் மஞ்சள் திட்டு. இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் காண முடியாத சேவல் அது. அதற்கு ஒரு பறவைத் தீவு கட்டிக் கொடுக்க முடியாது, இந்தக் காடு இருந்தால்தான் உண்டு.

என் பெரிய குறையும் இதுதான். யானையைக் கண்டால் வள்ளத்தைத் திருப்புகிறார்கள், காட்டுக்கோழி கரையில் மேய்ந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்டபோது தம்பிக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எந்த மரத்தில் கடற்கழுகு கூடு வைத்திருக்கிறது என்பது உட்பட. கேட்காவிட்டால் சொல்ல மாட்டான். வருகிறவர்கள் யானையை மட்டும்தான் கேட்கிறார்கள் என்றான். ஆகவே ஏறும்போதே “பறவை பார்க்க வந்தனாங்கள்” என்று சொல்லிவிடுங்கள், ஓட்டம் மெதுவாகிவிடும்.

நாலு நட்சத்திரம். விடிய முதல் வள்ளத்தைப் பிடியுங்கள், ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. தொப்பி, தண்ணீர், பைனாகுலர் கட்டாயம். கழிப்பறை வேலையை ஏறுமுன்னமே முடித்துக்கொள்ளுங்கள், நடுத் தண்ணீரில் கேட்டால் அந்தத் தம்பி எந்தத் தீவிலும் இறக்க மாட்டான்.