எல்லையூர் வாசகனுக்கு ஒரு வேர்ச்சொல் அகராதி

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், ஒரே கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) பெரும் விருந்தாகும்.

ஒலி ஒப்புமையை மட்டும் நம்பிச் சொற்களுக்கு உறவு கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. இந்நூலின் 5,500க்கும் மேற்பட்ட பதிவுகளோ ஒலிமாற்றம் ஒழுங்கானது என்ற, உறவுமொழிகளை ஒப்பிட்டு ஆராயும் ஒப்பிலக்கணக் கொள்கையின் மேல் நிற்கின்றன. தமிழ்ச் 'செவி' கன்னடத்தில் 'கிவி'யாக இருப்பதைக் கண்டதும், இகர எகரங்களின் முன் பழைய ககரம் தமிழில் சகரமானது என்ற விதி நினைவுக்கு வரும். அப்படியானால் 'கிளி' ஏன் 'சிளி' ஆகவில்லை? அடுத்து வரும் நாவளை ஒலி (நாக்கை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் ளகரம்) அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டது என்பதே விடை. விதிவிலக்குக்கும் விதி உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பொருள் மாற்றத்தில் நூல் அத்தனை தாராளம் காட்டவில்லை. 'வெள்ளம்' எங்கள் தமிழ் வீட்டில் பெருக்கு, பக்கத்து மலையாள வீட்டில் குடிநீர். இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, ஒன்று மற்றொன்றாக மாறிய வழியைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. திராவிட மொழிகளுக்கெல்லாம் முந்தைய பொதுமொழியான மூலத் திராவிடத்தின் சொல்வடிவங்களை ஊகித்து மீட்டுருவாக்கித் தராததைச் சிலர் குறையென்பர். நான் அதை அடக்கமென்றே கொள்கிறேன்.

ரோமன் எழுத்துப்பெயர்ப்பும் ஆங்கில விளக்கமும் முதலில் மிரட்டும். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.